ஏழாவது ‘இல்லை’

அடுக்களையில் மணி அடித்தது.

பிரேமா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை தானாக எழுந்து, அடுப்பு மேடைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த சிவப்புப் பொத்தானை நோக்கிப் பாதி வழி போய்விட்டது. வாயும் தானாக, “இதோ வந்துட்டேன்” என்றது. அப்புறம்தான் உறைத்தது. கூப்பிட இந்த வீட்டில் ஆளில்லை. கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் போய் ஒன்றரை மாதம் ஆகிறது.

பயந்தாளா என்றால், முதலில் இல்லை. எரிச்சல்தான் வந்தது. முப்பது வருஷத்து எரிச்சல், வீட்டுக்காரர் போன பிறகும் பழக்கம் விடாமல் வேலைக்கு வந்து நிற்கிற வேலைக்காரி மாதிரி, வந்து நின்றது.

அலமாரித் தட்டிலிருந்த வெள்ளைப் பெட்டி, பதிவு செய்து வைத்த ஒரு பெண்குரலில் கேட்டது: “இந்த அழைப்பு தேவையா?”

மணி அடித்தது ஒரு பிசகு. முழுக்குரலில் அடித்தது இன்னொரு பிசகு. இரண்டாவதுதான் அவள் கையிலிருந்த தேங்காய் மூடியை நழுவ விட்டது. அந்த மணியின் வாயை அவள்தான், தன் விரலாலேயே, ஏழு தடவை சிவப்பை அழுத்தி அடைத்திருந்தாள். திரும்பத் திறக்கவேண்டுமென்றால் பச்சைப் பொத்தானை யாராவது அழுத்தியிருக்க வேண்டும். அவள் அழுத்தவில்லை. அவளைத் தவிர இந்த வீட்டில் வேறு விரல் கிடையாது.

வெளியே ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்கலை. வலியசாலைத் தெரு முழுக்க, வாசலுக்கு வாசல் மூன்று செங்கல் அடுக்கி, புது மண்பானை ஏற்றி, எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒலிபெருக்கி. பக்திப் பாட்டு சுவரைத் தாண்டி வந்து தட்டில் அடுக்கியிருந்த டம்ளர்களை நடுங்கவைத்தது. அவள் மட்டும் உள்ளே. வீட்டில் சாவு விழுந்த துட்டி, வருஷம் திரும்புகிறவரை பொங்கல் இடக்கூடாது.

நடுவறைக் கதவைப் பார்த்தாள். சாத்தியே இருந்தது.

அவள் புருஷன் திரவியம், சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். பித்தளைக் குடத்தை மோதிர விரலால் தட்டிப் பார்த்தே, ஓட்டை எங்கே, ஒட்டு எங்கே என்று சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்தால் அதே விரல், அதே மோதிரம், டம்ளரின் அடியில். டண். தண்ணி. டண் டண். சோறு. மூன்று டண் என்றால், “ஏட்டி! காது அடைச்சுப் போச்சா?” கல்யாணமான புதிதில், “என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடப்பிடாதா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். “குடத்துக்கு ஆராவது பேரு வைப்பாளா?” என்று சொல்லிச் சிரித்தார். நல்ல வேடிக்கைதான். அவருடைய கூட்டாளிகள் எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது வாயும் கோணிப்போயிற்று. ‘ஏட்டி’ என்பதில் ‘ட்டீ’ மட்டும் மிச்சம். டம்ளர் கையில் நிற்கவில்லை. ஒரு மாதம் வீடு சத்தமில்லாமல் கிடந்தது. அவளுடைய வாழ்க்கையிலேயே நல்ல மாதம் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வாள். கேட்கத்தான் ஆளில்லை.

அப்போதுதான் நீது வந்தாள். ஏதோ ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. படுக்கையில் கிடக்கிற ஆட்கள் உள்ள முப்பது வீட்டில் ஒரு கருவியை வைத்து, வீட்டுக்காரர்கள் அதை ஏற்றுக்கொள்கிறார்களா என்று பார்க்கிற வேலை. உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பொத்தானைக் கட்டிலோரச் சுவரில் ஒட்டினாள்.

“பேட்டரி வேண்டா அங்கிளே. வயரும் வேண்டா. அங்கிள் அமுக்குகிற அமுக்கிலேயே அதுக்கு வேண்டிய கரண்ட் உண்டாகும். நூறு வருஷம் ஆனாலும் சாகாது, கேட்டோ.”

திரவியம் கோணிய வாயால் ஏதோ முனகினார்.

“ஆராவது எட்டிப் பாப்பாளான்னு கேக்காரு” என்றாள் பிரேமா.

“கேமரா இல்ல, இன்டர்நெட் இல்ல. எல்லாம் இந்த வீட்டுக்குள்ளேயே.”

“அது தன்னால அடிக்குமா?” இது பிரேமா கேட்டது.

நீது சிரித்தாள். “எங்ஙனே ஆன்ட்டி? உள்ள ஒண்ணும் இல்லல்லோ. ஒரு விரல் வேணும். விரல் இல்லெங்கில் அது வெறும் பிளாஸ்டிக்.”

பிறகு காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். இந்தக் கருவியை உங்கள் வீட்டில் ஏற்றுக்கொள்கிறீர்களா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் தரவும். திரவியம் இடது கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். அவள் வைத்த அவியலுக்கு ஆயுசில் ரெண்டுக்கு மேல் போட்டதில்லை அந்த மனுஷன்.

அடுக்களையில் ஒட்டியது இரண்டு பொத்தான்கள். கூப்பிட்டது தேவைதான் என்றால் பச்சை. தேவையில்லாமல் கூப்பிட்டார் என்றால் சிவப்பு. அவற்றுக்கும் பேட்டரி கிடையாது. “ஆன்ட்டி ஓரோ தடவை ‘இல்ல’ன்னு அமுக்கினா மணி ஒரு படி தாழும். ஏழு ‘இல்ல’ ஆச்சுன்னா பின்னெ மிண்டாது, சத்தமே வராது. ஒரு தடவை பச்சை அமுக்கினா பழையபடி முழுச் சத்தம். வீட்டு ஆட்களுக்குத் தக்கபடி அது படிச்சுக்கும்.”

படித்துக்கொண்டது பிரேமாதான். அவர் ஒரு நாளைக்கு எழுபது தடவை அழுத்தினார். தலையணை சரியில்லை. ஜன்னலில் காக்கா. ஒன்றுமேயில்லை, சும்மா, அவள் வருகிறாளா என்று பார்க்க. அவள் சிவப்பை அழுத்துவாள். டிக் டிக் என்று அது இரண்டு தடவை சொடுக்கும். மணி ஒரு படி இறங்கும். இன்னொரு டிக் டிக். ஐந்து, ஆறு என்று மெலிந்து, அவர் குரல்வளையை யாரோ மெதுவாக நெரிக்கிற மாதிரி அது தேய்வதைக் கேட்க அவளுக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. ஏழுக்கு முன்னால் பயந்துபோய்ப் பச்சையை அழுத்திவிடுவாள். தினமும் விளையாட்டு. யாருக்கும் தெரியாத விளையாட்டு.

யாருக்கும் தெரியாது என்றுதான் இன்றைக்குக் காலை ஆறு மணி வரை நினைத்திருந்தாள்.

ஆறு மணிக்கு நீது வாசலில் நின்றாள், தலைக்குக் குளித்து, கசவுப் புடவை கட்டி, இடுப்பில் மண்பானையோடு.

“ஆன்ட்டி, எனக்கு வேறெங்கும் இடம் கிட்டல்ல. இங்க அடுப்புக் கூட்டிக்கட்டே?”

“கூட்டிக்க மக்களே. எனக்குத்தான் இந்த வருஷம் இல்ல.”

“தெரியும் ஆன்ட்டி.” குரலைத் தாழ்த்தினாள். “பின்னெ, நிவேத்தியம் கழிஞ்சா அந்தப் பெட்டியையும் நான் எடுத்துக்கிட்டுப் போகும். பிராஜெக்ட் முடிஞ்சு.”

“எடுத்துக்கோ. அந்தக் காகிதமெல்லாம் நான் ஒண்ணும் எழுதி வைக்கல்லியே.”

“எழுதண்டா! பெட்டிக்குள்ள எல்லாம் உண்டு. அங்கிள் எப்ப அமுக்கினார், ஆன்ட்டி எப்ப என்ன பதில் சொன்னார், தேதி, மணி, செக்கண்டு உள்பட. மணி மிண்டாம இருந்த நேரத்தில் அங்கிள் அமுக்கினதும் அதில் காணும். நாளைக்கு ஆபீசில் திறந்து நோக்கும்.” பானையை இறக்கி வைத்துவிட்டுக் கனிவாகச் சொன்னாள்: “கடைசி நாள் வரைக்கும் ஆன்ட்டி எத்தனை பொறுமையாப் பாத்தார்னு எல்லாரும் அறியட்டே.”

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தவள் நேரே அந்த வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

அந்தக் கடைசி நாள் மகர சங்கிராந்தி. பெருமாள் கோயிலில் லட்சதீபம். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை, மதிலும் கோபுரமும் நான்கு வாசலும் விளக்காலேயே கட்டினதுபோல் நிற்கும் என்று கேள்வி. கேள்விதான். கோட்டாற்றிலிருந்து கல்யாணமாகி வந்தபின் நாலு லட்சதீபம் போயிற்று. முதல் தடவை அவருடைய அக்காள் வந்துவிட்டாள். இரண்டாம் தடவை அவருக்கு ஜுரம். மூன்றாவது, அவள் பூ வைத்துக்கொண்டு புறப்பட்ட பிறகு, டண் டண் என்று தட்டி, “அடை சாப்பிடணும் போல இருக்கு” என்றார். நாலாம் தடவை காரணம்கூடச் சொல்லவில்லை. தட்டினார். அவள் புடவையை மாற்றினாள்.

ஐந்தாவதுக்கு எதிர்வீட்டு சுசீலாபாய் பாஸ் வாங்கி வைத்திருந்தாள். பிரேமா நாலு மணிக்கே அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டாள். வழக்கத்தைவிட வேகமாக. ஒரு கரண்டி தொண்டைக்குள் இறங்குமுன் அடுத்த கரண்டி. வாயைத் துடைத்துவிட்டு, மாம்பழக் கலர் பட்டைக் கட்டி, அடுக்களைக் கண்ணாடியில் பார்த்துப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

“வந்துட்டீரா, வந்துட்டீரா?” என்று கண்ணாடியிடம் சொன்னாள். “தெரியும்வே. நீரு விடமாட்டீரு.”

டிக் டிக். சிவப்பு.

திரும்ப மணி. டிக் டிக். மணி, டிக் டிக். கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே அழுத்தினாள். ஆறாவதுக்குக் கொசு பாடுகிற சத்தம். அவளுடைய விரல் பச்சைப் பக்கம் போகவில்லை. ஏழாவது ‘இல்லை’. பெட்டி அவளைப் பாராட்டுகிற குரலில் சொன்னது: “உங்கள் கருத்துக்கு நன்றி.”

பிறகு நிம்மதி. நடைவழியில் போகும்போது நடுவறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் சுசீலாபாய், “திரவியம் அண்ணன்?” என்று கேட்டாள். “அவரு உறங்குகாரு. இப்ப வந்திருவோம்” என்றாள் பிரேமா.

விளக்கு நன்றாயிருந்தது. ரொம்ப நன்றாயிருந்தது.

வந்து பார்த்தபோது அவர் கட்டிலோரத்துக்கு நகர்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. மீசையில் கஞ்சி. இடது கை பொத்தானின் மேல். கஞ்சி மூச்சுக்குழாயில் ஏறியிருக்கும் என்று டாக்டர் சொன்னார், “உறக்கத்திலேயே போயிருப்பார், ஒண்ணும் அறிஞ்சிருக்கமாட்டார்” என்று ஆறுதலும் சொன்னார். பிரேமா அந்த ஆறுதலை எடுத்துத் தெருவுக்கே பங்கு வைத்தாள். மணி நின்றபிறகு அவர் எத்தனை தடவை அழுத்தினார் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம். பெட்டிக்குத் தெரியும். நாளைக்கு நீதுவுக்குத் தெரியும். நாளை மறுநாள் வலியசாலைக்கே தெரியும்.

பெட்டியைத் தண்ணீரில் முக்கிவிடுவது என்று எட்டு மணிக்கே முடிவு செய்திருந்தாள். கைதவறி விழுந்துவிட்டது மக்களே, துட்டி வீடு, எனக்கு மனசே சரியில்ல. அழுதால் நம்புவாள். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தாயிற்று. தேங்காயைத் துருவி முடித்துவிட்டு என்று இருந்தபோதுதான் மணி.

இப்போது திரும்பவும் அடித்தது. முழுக்குரலில்.

வாசல் ஜன்னலிலிருந்து நீதுவின் குரல், பாட்டுச் சத்தத்துக்கு மேலே ஏறி வந்தது. “ஆன்ட்டீ! மணி கேக்குன்னல்லோ! அகத்து யாரா?”

பிரேமா ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “நான்தாம்மா! துடைக்கையில பட்டுப் போச்சு!”

“ஓ! சரி சரி!”

டிங் டாங். “இந்த அழைப்பு தேவையா?”

பெட்டியின் ஒயரைப் பிடித்தாள். பிறகு விட்டாள். பெட்டியை முக்கினால் மணி நிற்கும். ஆனால் அந்த அறையில் அழுத்துகிறது நிற்குமா? யார் அழுத்துகிறார்கள் என்று தெரியாமல் ராத்திரி முழுவதும் இந்த வீட்டில் எப்படிப் படுத்திருப்பது? எலியாக இருக்கும். சுவரோடு சேர்த்துக் கட்டிலைத் தள்ளி வைத்ததில் பலகை இடிக்கிறதாக இருக்கும். முதலில் பொத்தானைப் பிடுங்கவேண்டும். பெட்டி எங்கே ஓடிவிடப் போகிறது? காய் நறுக்குகிற கத்தியை எடுத்தாள்.

நடைவழியில் புகை வந்திருந்தது. வெளியே, கோயில் தலையடுப்பிலிருந்து தீ கைமாறிக் கைமாறித் தெருவுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. செண்டையும் குரவையும் ஒன்றாகக் கிளம்பின. காய்ந்த ஓலையும் வெல்லமும் நெய்யும் எரிகிற வாசனை ஜன்னல் இடுக்கெல்லாம் நுழைந்து, ஓட்டுக் கண்ணாடி வழியாக விழுந்த வெயிலை ஒரு மஞ்சள் தூணாக நிறுத்தி வைத்திருந்தது. நடுவறைக் கதவைத் தள்ளியதும் அந்த வாசனை பின்வாங்கியது. இங்கே வேறு வாசனை. டெட்டால். முகப்பவுடர். அதற்கடியில், நாற்பத்தெட்டு நாளாகக் கழுவிக் கழுவியும் போகாத கஞ்சி. இன்றைய கஞ்சி மாதிரி, சூடாக.

மெத்தையை அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். கட்டிலில் வெறும் பலகை. அதற்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடம். அந்த இடுக்கில்தான் பொத்தான். எலி இல்லை. பலகை பொத்தானைத் தொடவும் இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தான் உள்ளே போயிற்று.

மெதுவாக. தயங்கித் தயங்கி. பலமில்லாத விரல் அழுத்துகிற மாதிரி. டக்.

அடுக்களையில் மணி.

அவள் கத்தவில்லை. கத்தினால் நீது வருவாள், பெட்டியைப் பார்ப்பாள். அந்த நேரத்திலும் அதுதான் நினைப்பு. இடுக்கில் நுழைந்து, கத்தி முனையைப் பொத்தானுக்கும் சுவருக்கும் நடுவில் செருகி நெம்பினாள். பசை விடவில்லை. இரண்டு கையாலும் நெம்பினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. காலைக் கட்டில் காலில் உதைத்து ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து,

விட்டுவிட்டது.

பொத்தான் கையோடு வந்தது. பிரேமாவும் அதோடு போனாள். இடுப்பு கட்டில் காலின் குமிழில் இறங்கியது. உள்ளே ஏதோ, உலர்ந்த மட்டை ஒடிகிற மாதிரி ஒடிந்தது. சத்தம் முதலில் கேட்டது. வலி அப்புறம் வந்தது. வந்தபிறகு வேறு எதுவும் இல்லை.

கண் தெளிந்தபோது சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்தாள். வலது கை உடம்புக்கடியில். இடது கையில் பொத்தான். காலை அசைக்கலாமா என்று நினைத்ததற்கே வாயில் பித்தம் வந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தால் அறைக் கதவும், அதற்கப்பால் நடைவழியின் சிவப்புத் தரையில் ஒரு பட்டையும் தெரிந்தன.

“நீதூ! மக்களே, நீதூ!”

ஒலிபெருக்கி. செண்டை. ஆயிரம் பெண்களின் குரவை. பதினைந்து அடி தள்ளி ஒரு தெரு ஜனம். ஒரு காது இல்லை.

போன் அடுக்களையில். அவளுடைய கையில் இருந்தது பொத்தான். அப்போதுதான் அது என்ன என்று அவளுக்கு நினைவு வந்தது, எதற்காக அதை இந்த வீட்டில் வைத்தார்கள் என்றும்.

கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். டக்.

டிங் டாங்! அடுக்களையே அதிர்ந்தது. வாசல்வரை கேட்டிருக்கும். கேட்டுத்தான் இருக்கும். “ஆன்ட்டீ, பின்னேயும் பட்டோ?” என்று நீது சிரிப்பது கேட்டது. இன்னும் இரண்டு தடவை அடித்தால் போதும். எழுந்து வருவாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போகட்டும். பார்க்கட்டும். உலகத்துக்கே சொல்லட்டும்.

“இந்த அழைப்பு தேவையா?”

“தேவை” என்றாள் பிரேமா, கண்ணீர் வழிய. “தேவை, தேவை.”

அடுக்களையில், டிக் டிக்.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். அவளைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்? பச்சை ஒரு தடவைதான் சொடுக்கும். இது சிவப்பு.

“உங்கள் கருத்துக்கு நன்றி.”

டக். மணி ஒரு படி தாழ்ந்து அடித்தது. டிக் டிக்.

டக். டிக் டிக்.

அங்கே அழுத்தியவருக்கு அவசரமில்லை. நடுநடுவே கண்ணாடி வளையல் குலுங்கியது. எவர்சில்வர் டப்பா திறந்து மூடியது. கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசினால் எப்படியிருக்குமோ அப்படி ஒரு முணுமுணுப்பு: “தெரியும்வே. நீரு விடமாட்டீரு.”

நாலு. வெளியே பொங்கல் பொங்கிவிட்டது. குரவை.

ஐந்து. “அம்மா, நான்தான், நான்தான் கூப்பிடுகேன்.”

ஆறு. கொசு பாடுகிற மாதிரி.

விரலை எடுத்துக்கொண்டாள். ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒன்றே ஒன்று. அதை வைத்துக்கொண்டு பாட்டு ஓயும்வரை காத்திருக்கலாம். பூசாரி நிவேத்தியத் தண்ணீர் தெளிக்க வரும்போது ஒரு நிமிஷம் தெருவே அடங்கும். அந்த நிமிஷத்தில். காத்திருந்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. தொடை வீங்கித் துணியை இறுக்கியது. வெயில் தூண் நடைவழியில் ஒரு சாண் நகர்ந்தது.

பாட்டு நின்றது.

பூசாரி தெருவுக்குள் வந்துவிட்டார். நிசப்தம். தண்ணீர் தெளிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

அழுத்தினாள். டக். ஊசி விழுகிற அளவு ஒரு மணி. “நீதூ” என்று அதோடு சேர்ந்து கூப்பிட்டாள். உலர்ந்த தொண்டையில் குரல் வரவில்லை. ‘தூ’ மட்டும் வந்தது.

டிக் டிக்.

“உங்கள் கருத்துக்கு நன்றி.”

அதற்கப்புறம் பெட்டி பேசவில்லை.

அடுக்களையிலிருந்து நடை கிளம்பியது. பட்டு உரசுகிற சத்தம். மல்லிகை வாசனை, புகையைத் தள்ளிக்கொண்டு வந்தது. கட்டிலுக்கு அடியில் தெரிந்த அந்தச் சிவப்புத் தரையில் இரண்டு பாதங்கள் வந்தன. மாம்பழக் கலர் பட்டின் கரை. இடது குதிகாலில் வெடிப்பு. இரண்டாம் விரலில், பதினாறாம் நாள் அவள் கழற்றி வைத்த மெட்டி.

அவளுடைய பாதங்கள்.

கதவுக்கு நேரே வந்தன. நிற்கவில்லை. உள்ளே திரும்பவில்லை. போயின.

வாசல் தாழ் விலகியது. “ஆஹா, ஆன்ட்டி!” நீது. “புடவை அழகாயிட்டுண்டல்லோ! இன்னைக்குப் பெட்டி எடுக்க வேண்டாமோ?”

“அது நாளைக்கு ஆகட்டும் மக்களே.” பிரேமாவின் குரல். கொஞ்சம் மூச்சு வாங்கலோடு, கொஞ்சம் சந்தோஷத்தோடு. “உள்ள ஆரும் இல்ல. நான் இப்ப வந்திருவேன்.”

கதவு சாத்திக்கொண்டது. பாட்டு திரும்ப ஆரம்பித்தது.

இடுக்கில் வெளிச்சம் குறைந்தது. மேலே, வெறும் பலகை, ஒரு பாரத்தை வாங்கிக்கொண்டு முனகியது. ஓரத்துக்கு நகர்ந்து நகர்ந்து வந்தது அந்த முனகல். கஞ்சி வாசனை. அவளுடைய நெற்றியில் ஒரு சொட்டு, சூடாக.

பலகை விளிம்பிலிருந்து ஓர் இடது கை இறங்கியது. மோதிரம் கழற்றிய இடத்தில் வெளுத்த பள்ளம். அது துழாவியது. அவளுடைய விரலைக் கண்டுபிடித்தது. அதன்மேல் தன் விரலைப் பொறுமையாகப் பொருத்தி வைத்து, அழுத்தியது.

டக்.

ஒரு சத்தமும் இல்லை.

டக்.